கொடிக்குக் கேட்ட விளக்கு

எனக்கு இந்த நாட்டின் மீது அன்பு இருக்கிறதா என்று, போன மாதம் நவி மும்பையில் எங்கள் சான்பாடா குடியிருப்பின் பொதுக்குழுவில் ஓர் இளைஞன் என்னைக் கேட்டான். இந்தியில் கேட்டான், 'அங்கிள்' என்று மரியாதையாகவும் அழைத்தான். நான் கேட்டிருந்ததெல்லாம் லிஃப்ட் எப்போது சரியாகும் என்பதுதான். நான் ஆறாவது மாடி. கூட்டமோ, வாசலில் நடவிருக்கும் உயரமான கொடிக்கம்பத்தைத் திறந்துவைக்க எந்தத் தலைவரை அழைப்பது என்பதற்காகக் கூட்டப்பட்டது. முதலில் பெயர் அடிபட்ட தலைவரின் நாட்டுப்பற்றில் யாருக்கும் சந்தேகமில்லை. அவருடைய கார்க் கண்ணாடியில், மணிக்கட்டில், செல்போன் உறையில் எல்லாம் மூவர்ணம் இருந்தது. சந்தேகம் என்னுடையதைப் பற்றித்தான். என் நாட்டுப்பற்று முழங்காலில் இருக்கிறது. வெளியே தெரியாது, படியேறும்போது மட்டும் சத்தம் போடும்.

பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். பதில் இல்லாமல் அல்ல. அரசியல்வாதிகள் நாட்டுப்பற்றைக் கொடியில் காட்ட வேண்டுமா, காரியத்தில் காட்ட வேண்டுமா என்ற வழக்கில் பத்து வயதிலேயே நான் சாட்சி சொல்லியிருக்கிறேன். அந்த வழக்கில் எங்கள் பக்கம் ஜெயித்தது. ஜெயித்த பக்கத்தில் நான் நின்ற சந்தர்ப்பங்கள் வாழ்க்கையில் அதிகமில்லை என்பதால் ஒவ்வொரு விவரமும் நினைவிருக்கிறது. ஆனால் சொல்லி முடிக்க நேரமாகும். அவர்கள் அதற்குள் தலைவருக்குப் போர்த்தும் சால்வையின் நிறத்துக்கு வந்துவிட்டார்கள்.

அப்போது நாங்கள் தாராவியில் ஒரு சந்தில் குடியிருந்தோம். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் கதவைத் திறந்தால் யாராவது ஒருவர் மன்னிப்புக் கேட்க வேண்டிய அகலம். சந்தின் ஒரு முனை பெரிய ரோட்டில் போய்ச் சேரும். மறு முனையில், நாங்கள் பெருமையாக மைதானம் என்று அழைத்த ஒரு காலியிடம். அதைத் தாண்டி, அரைகுறையாக மூடிய சாக்கடையின் மேல் ஒரு பாதை. பாதையின் கடைசியில் சண்டாஸ், அதாவது மாநகராட்சிப் பொதுக் கழிப்பறை. சந்து முழுவதற்கும் அது ஒன்றுதான்.

அந்தப் பாதையில் விளக்கு கிடையாது. சூரியன் மறைந்தால் பாதையும் மறைந்துவிடும். சாக்கடையை மூடியிருந்த கல் பலகைகளில் எது இருக்கிறது, எது போய்விட்டது என்று காலால் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் போய் வந்தார்கள். பெண்கள் பொழுது இருக்கும்போதே கூட்டமாகப் போய் வந்துவிடுவார்கள். இருட்டிய பிறகு போக நேர்ந்தால் பாதை முனையில் உட்கார்ந்திருக்கும் வெட்டிப் பயல்களைத் தாண்ட வேண்டும். அவர்கள் முகம் தெரியாது. விசில் மட்டும் கேட்கும்.

ஜூலை மாதம் ஒரு நாள் மாலை, ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் அக்கா அந்தப் பாதையிலிருந்து ஓடிவந்தாள். ஒரு கால் முழங்கால்வரை சாக்கடை. ஒரு செருப்பைக் காணோம். கணுக்கால் இட்லிபோல உப்பியிருந்தது. ஏன் ஓடினாய் என்று அம்மா கேட்டதற்கு, அவள் மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றிக் கழுவ ஆரம்பித்தாள். அப்பா கேட்கவே இல்லை. கேட்காமலே புரிந்துகொண்டு, இரண்டு நாள் யோசித்து, தீர்ப்பைச் சொன்னார். காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் அக்காவைத் திருநெல்வேலிப் பக்கம் ஊரில் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவது. மிச்சப் படிப்பு அங்கே.

அக்கா வகுப்பில் முதல் மாணவி. சயானில் எந்தக் கல்லூரியில் சேர்வது, எந்த நம்பர் பஸ்ஸில் போவது என்பது வரை அவளிடம் திட்டம் இருந்தது. தீர்ப்பைக் கேட்டு அவள் அழவில்லை. கணக்கு நோட்டைத் திறந்து வைத்து ஒரே பக்கத்தைப் பார்த்தபடி மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் போனால் ஜன்னலோரப் படுக்கை எனக்கு.

தீர்ப்புக்கு எதிராக மேல்முறையீடு செய்தவள் அத்தை. அப்பாவுக்கு மூத்தவள், பக்கத்து வீட்டுக்காரி. காலையில் இட்லி அவித்து விற்பவள் என்பதால் தாராவியின் பாதிச் செய்திகள் அவளிடம் சட்னிக்கு வந்து நிற்கும்.

"வெளக்கு இல்லைன்னா வெளக்கக் கேக்கணும். பிள்ளைய எதுக்குல ரயில்ல ஏத்துத?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"நீ கேட்டு வாங்கு. அந்தப் பாதைக்கு பத்தி வந்துட்டுன்னா அவ இங்கனயே இருக்கட்டும். நான் ஒண்ணும் ஆசப்பட்டு அனுப்பல" என்றார் அப்பா.

பத்தி என்றால் பம்பாய்த் தமிழில் மின்விளக்கு. அப்பா அதைச் சொன்ன விதத்தில், நிலவைப் பிடித்துக் கொண்டுவந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்ற பெருந்தன்மை இருந்தது.

கேட்க வேண்டிய இடம் எங்கள் வார்டு கார்ப்பரேட்டர், அதாவது மாநகராட்சி உறுப்பினர். அவரும் எங்கள் ஜில்லாக்காரர். எல்லாருக்கும் அண்ணாச்சி. நாட்டுப்பற்றில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சட்டைப்பையில் கொடி குத்தியிருப்பார். ஜீப்பில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கல்யாண வீட்டில் பேசச் சொன்னாலும் எல்லையில் தொடங்கித்தான் மணமக்களிடம் வந்து சேருவார். அத்தையின் தலைமையில் பெண்கள் ஏழெட்டுப் பேர் மனுவோடு போனபோது அவர் பொறுமையாகப் படித்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டு கேட்டார்:

"தாயி, பனிமலையில நிக்கானே நம்ம ஜவான், அவனுக்கு யாரு வெளக்கு போட்டா? அவன் கேட்டானா?"

பெண்கள் மனுவைத் திரும்ப மடித்துக்கொண்டார்கள். ஜவானோடு தங்களை ஒப்பிட்டுக்கொள்ளும் துணிச்சல் யாருக்கும் இல்லை. திரும்பி வரும் வழியில்தான் அத்தைக்குப் பதில் வந்தது.

"அவன் கையில துப்பாக்கி இருக்கு. சண்டாஸுக்குப் போற நம்ம கையில தண்ணி டப்பாதான இருக்கு."

ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், பெரிய ரோட்டில் ஒரு கைவண்டி எங்கள் சந்தை நோக்கித் திரும்புகிறது. வண்டியில் வெள்ளி நிறப் பெயின்ட் அடித்த நீளமான இரும்புக் கம்பம். நான் வண்டிக்கு முன்னால் ஓடினேன். எங்கள் பம்பாய்த் தமிழில் கம்பா வந்துட்டு, கம்பா வந்துட்டு என்று கத்திக்கொண்டே ஓடினேன். வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. அன்றைக்கு ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அக்கா நொண்டிக்கொண்டே வெளியே வந்து, வண்டி போகும்போது கம்பத்தைத் தொட்டுப் பார்த்தாள். அத்தை உள்ளே ஓடி மஞ்சளும் குங்குமமும் எடுத்துவந்து கம்பத்துக்கு மூன்று இடத்தில் வைத்தாள். யாரோ தேங்காய் உடைத்தார்கள். ஒரு மின்கம்பத்துக்கு இப்படியொரு மாப்பிள்ளை அழைப்பு பம்பாய் மாநகராட்சியின் சரித்திரத்தில் நடந்திருக்காது. மைதானத்தில், பாதை தொடங்கும் இடத்திலேயே குழி தோண்டி, கம்பத்தை நிறுத்தி, சிமென்ட் போட்டார்கள். இடம்கூடச் சரியாக அமைந்துவிட்டதே என்று அம்மா பூரித்துப்போனாள்.

அண்ணாந்து பார்த்து முதலில் சந்தேகப்பட்டவர் அத்தையின் கணவரான மாமா.

"உச்சியில கப்பி இருக்கே. பத்திக்கு எதுக்கு கப்பி?"

அண்ணாச்சியின் கையாள், சிமென்ட் கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு விளக்கினான். இது கொடிக்கம்பம். சுதந்திர தினத்துக்கு அண்ணாச்சி இங்கே கொடியேற்றப் போகிறார். இந்த வார்டிலேயே உயரமான கம்பம். உங்கள் சந்துக்கு அதிர்ஷ்டம்.

எல்லாரும் வீட்டுக்குள் போய் ஒருவர்பின் ஒருவராகக் கதவைச் சாத்தினார்கள். அக்கா மட்டும் கொஞ்ச நேரம் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்கு வந்து, பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டி.

அடுத்ததாக அண்ணாச்சிக்கு ஒரு தொழில்நுட்பப் பிரச்சினை வந்தது. கொடியை மடித்து, உள்ளே பூ வைத்து, பொட்டலமாகக் கட்டி உச்சிக்கு ஏற்றி, தலைவர் ஒரு இழுப்பு இழுத்ததும் அது விரிந்து பூமாரி பொழிய வேண்டும். முந்தின வருடம் வேறு இடத்தில் அண்ணாச்சி ஏழு இழுப்பு இழுத்தும் பொட்டலம் பொட்டலமாகவே நின்றதாம். அதனால் கயிறு தெரிந்த ஆள் வேண்டும் என்றான் கையாள். சந்தில் கயிறு தெரிந்தவர் மாமாதான். தோல் பை செய்யும் கார்கானாவில் அவருக்குப் பார்சல் கட்டும் வேலை. தான் கட்டிய மூட்டை கல்கத்தாவுக்குப் போய்ச் சேர்ந்தபின் அங்கே கத்தி வைத்துத்தான் பிரித்தார்கள் என்பது அவர் அடிக்கடி சொல்லும் பெருமை. அதில் அபாயத்தின் அறிகுறி இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு லீடர். கொடியைப் பற்றி எங்கள் சார் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆகவே மாமாவுக்குத் தொழில்நுட்ப ஆலோசகனாக நியமிக்கப்பட்டேன். ஒரு தலையணை உறையில் காராபூந்தியை வைத்துக் கட்டி, உத்தரத்தில் தொங்கவிட்டு, இழுத்து இழுத்துப் பழகினோம். ஐந்தாவது தடவை பூந்தி கச்சிதமாக என் தலையில் கொட்டியது. மாமா அவிழும் முடிச்சில் தேறிவிட்டார்.

ஆனால் கொடியின் மேல்முனையைக் கயிற்றோடு பிணைக்கும் இடம் ஒன்று உண்டல்லவா. அது அவிழக் கூடாத முடிச்சு. அங்கேதான் மாமாவின் முப்பது வருட அனுபவம் குறுக்கே வந்தது. "இது உருவிட்டுன்னா அண்ணாச்சி மானம் போயிரும்" என்று தன் பார்சல் முடிச்சைப் போட்டார். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. அதன் மேல் பத்திரத்துக்கு இன்னொன்று. அதற்கும் மேலே, கொடி என்பதால், மரியாதைக்கு ஒன்று. கடைசியில் அந்த இடம் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்து நின்றது. ஆலோசகன் என்ற முறையில் நானும் அமுக்கிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சான்றளித்தேன்.

பதினைந்தாம் தேதி காலை மழை எங்களுக்காக ஒரு மணி நேரம் ஒதுங்கி நின்றது. மேடை, மைக், நாற்காலி, போட்டோக்காரர் எல்லாம் வந்திறங்கின. அண்ணாச்சி எல்லையிலிருந்து புறப்பட்டு, மலைகளையும் நதிகளையும் கடந்து எங்கள் சந்துக்கு வந்துசேர முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே கொடி விரிந்தது. பூக்கள் பொழிந்தன. 'ஜெய்' என்று திறந்த அண்ணாச்சியின் வாய்க்குள்ளும் ஒன்று விழுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். கல்யாணப் பெண்ணின் தகப்பனார்போல நின்றிருந்தார்.

அங்கேயே விட்டிருக்கலாம். போட்டோக்காரர், படம் விழவில்லை, இன்னொரு தடவை இழுப்பதுபோல நில்லுங்கள் என்று இந்தியில் கேட்டுக்கொண்டார். நடிப்பு அண்ணாச்சிக்கு வராது, அவர் எதையும் மனப்பூர்வமாகச் செய்பவர். காலை அகட்டி, மீசையை உயர்த்தி, கயிற்றை முழு பலத்தோடு இழுத்தார். உச்சியில் 'டொக்' என்று ஒரு சத்தம். மைக்கில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. மாமாவுக்குக் கேட்டிருக்கிறது. அவர் முகம் மாறியதற்கு நான் பசிதான் காரணம் என்று நினைத்தேன்.

கூட்டம் கலையும் நேரத்தில் அத்தை மறுபடியும் மனுவை நீட்டினாள். "இன்னைக்கு நல்ல நாளு தாயி. இன்னைக்குப் போயி சண்டாஸு கிண்டாஸுன்னு பேசலாமா" என்று அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மாலையில் அதே மைதானத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி. பரிசு கொடுக்க அண்ணாச்சி மறுபடி வந்தார். ஆறரை மணிக்குக் கொடியை இறக்குவது என்று ஏற்பாடு. வெள்ளைச் சட்டை, பேட்ஜ் சகிதம் நான் கம்பத்தடியில் விறைப்பாக நின்றேன். கையாள் கயிற்றைப் பிடித்து இழுத்தான். கொடி அசையவில்லை. இன்னொருவன் சேர்ந்து இழுத்தான். கம்பம் அசைந்தது, கொடி அசையவில்லை. மாமாவின் எலுமிச்சம்பழம் கப்பிக்குள் போய் ஆப்பு அடித்தாற்போல் உட்கார்ந்திருந்தது. மூங்கிலால் தட்டப் பார்த்தார்கள், எட்டவில்லை. ஒல்லியான பையன் ஒருவன் ஏறினான். மழை ஈரமும் புதுப் பெயின்டுமாகச் சேர்ந்து, ஏறிய வேகத்தைவிடச் சீக்கிரமாக அவனைக் கீழே அனுப்பிவைத்தன.

பின்னாளில் மாமா, அது வேண்டுமென்றே போட்ட முடிச்சு என்று சொல்ல ஆரம்பித்தார். வயதாக ஆக அந்த முடிச்சின் பின்னணியில் நீண்டகாலத் திட்டம் ஒன்றே உருவாகிவிட்டது. அன்று மாலை அவர் முகத்தைப் பார்த்தவன் நான். அத்தையின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் தேடினார்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மைதானத்தின் ஓரத்தில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பதுபோலச் சிரித்துக்கொண்டு நின்றார். போட்டோ எடுக்க ஆள் அனுப்பியிருக்கிறாராம். கையாள் அண்ணாச்சியின் காதில் குனிந்தான். மெதுவாகத்தான் சொன்னான். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணாச்சி, பொழுது அடைஞ்சும் கொடி எறங்கலைன்னா கேஸ் ஆயிரும். கொடிய அவமதிச்சதா எழுதிருவான்."

அண்ணாச்சிக்கு வியர்த்தது. நெஞ்சில் குத்தியிருந்த கொடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தவரின் கண்ணில் என் பேட்ஜ் பட்டது.

"ஏலே, நீதான லீடரு? ஒங்க சாரு இதப் பத்தி என்ன சொல்லிக் குடுத்திருக்காரு?"

நான் விறைப்பாக நின்று ஒப்பித்தேன். கொடியைச் சூரிய உதயத்துக்குப் பின் ஏற்றி, சூரியன் மறையுமுன் மரியாதையோடு இறக்க வேண்டும். அண்ணாச்சியின் முகம் இன்னும் கறுத்தது. நெருக்கடியில் இருப்பவரிடம் சரியான பதிலைச் சொல்வது உதவி ஆகாது என்பதை நான் அலுவலகத்தில் சேர்ந்த பிறகும்கூட முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். என் தோளில் கை வைத்தாள். இட்லி மாவு வாசனை.

"எய்யா, பதறாம சொல்லு. எறக்கவே முடியலைன்னு வையி. கொடிய இருட்டுல அப்பிடியே விடலாமா, கூடாதா?"

"கூடாது" என்றேன்.

"அப்ப வெளிச்சம் இருந்தா?"

எங்கள் சார் இதைப் பற்றி ஒன்றுமே சொன்னதில்லை. தோளில் அத்தையின் விரல்கள் கொஞ்சம் அழுந்தின. பின்னால் மாமா ஏதோ ஒரு சாமியை அழைப்பது கேட்டது. நான் இன்னும் விறைப்பாக நிமிர்ந்து சொன்னேன்.

"வெளிச்சம் இருந்தா இருட்டு இல்ல."

இன்றுவரை யாராலும் மறுக்க முடியாத வாக்கியம். அதற்குப் பிறகு எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருக்கிறேன், இவ்வளவு உறுதியான ஒரு கருத்தை நான் எங்கும் சொல்லவில்லை.

"கேட்டியளா அண்ணாச்சி? சட்டம் படிச்ச பிள்ளை சொல்லுதான். இருட்டுல நிக்கதுதான் அவமரியாதையாம். நல்ல வெளக்கா ரெண்டு போட்டுட்டியன்னா, எவன் போட்டோ எடுத்தாலும் ஒங்களுக்குத்தான் பேரு."

அண்ணாச்சி ஓரத்தில் நின்ற எதிர்க்கட்சிக்காரரைப் பார்த்தார். பிறகு சவுண்ட் சர்வீஸ்காரரைப் பார்த்தார். அவருடைய வண்டியில் இரண்டு பெரிய ஹாலஜன் விளக்குகள் இருந்தன.

"அண்ணாச்சி, அது மாட்டுங்காவுல நடக்குத கல்யாணத்துக்கு. எட்டு மணிக்கு மண்டபத்துல குடுக்கணும்" என்றார் அவர்.

"நாடு பெருசாடே, கல்யாணம் பெருசா?"

இரண்டு மூங்கிலில் விளக்குகளைக் கட்டி, மைக்குக்கு இழுத்திருந்த ஒயரிலிருந்தே இணைப்பும் கொடுத்தார்கள். சுவிட்சைப் போட்டதும் உச்சியில் கொடி பளீரென்று தெரிந்தது. கூட்டத்தில் 'ஓ' என்ற சத்தம் எழுந்தது. ஆனால் எங்கள் சந்துப் பெண்கள் யாரும் மேலே பார்க்கவில்லை. கம்பத்துக்குப் பின்னால் பாதை முழுவதும் தெரிந்தது. ஒவ்வொரு கல் பலகையும் தெரிந்தது. எங்கெங்கே பலகை இல்லை என்பதும் தெரிந்தது. பாதைக் கடைசியில் சண்டாஸின் பச்சைக் கதவு, அதில் யாரோ கரியால் வரைந்த பூ வரைக்கும் தெரிந்தது. பாதை முனையில் உட்கார்ந்திருந்த பயல்களின் முகங்கள் தெரிந்தன. அதில் ஒருவன் எங்கள் பால்காரர் மகன். எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, வேறு வேலை இருப்பதுபோலப் போய்விட்டான். மற்றவர்களுக்கும் திடீரென்று வேலை வந்தது.

வெளிச்சம் வந்ததும் அண்ணாச்சிக்கும் உயிர் வந்தது. மைக்கைப் பிடித்தார். இந்தக் கொடி இருட்டிலும் தலை தாழக் கூடாது என்பது தன் நெடுநாள் கனவு என்றார். அதற்காகவே இதை இறக்க வேண்டாம் என்று தானே முடிவு செய்ததாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. சொல்லும்போது அவரே அதை நம்பிவிட்டார், எங்களுக்கும் கண் கலங்கியது. முதலில் கைதட்டியவள் அத்தை. தட்டி முடித்த கையோடு மைக்குக்கு அருகில் போய்க் கேட்டாள்.

"அண்ணாச்சி, இது இன்னைக்கு மட்டும் எரியுத வெளக்கா, தெனமும் எரியுத வெளக்கா?"

மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. எதிர்க்கட்சிக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார். அண்ணாச்சி ஒரு கணம் அத்தையைப் பார்த்தார். அவள் முகத்தில் பக்தியைத் தவிர ஒன்றும் இல்லை.

"தெனமும்தான் தாயி."

"அப்ப பக்கா கனெக்சன் குடுத்து, கீழ ஒங்க பேரு போட்டு ஒரு போர்டும் வச்சிருங்க. நாளைக்கு வேற எவனாச்சும் வந்து நான் போட்டதும்பான்."

இந்த யோசனை அண்ணாச்சிக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்த வாரத்துக்குள் மின்வாரிய ஆட்கள் வந்தார்கள். அவர்கள் வர முடியாததற்கான காரணங்களைத்தான் அதுவரை எங்களுக்கு எழுத்தில் கொடுத்திருந்தார்கள். கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கும் ஒருவர் மூங்கில் சாரம் கட்டி ஏறி, மாமாவின் முடிச்சைக் கத்தியால் அறுத்து, கொடியைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்தார். எங்கள் சார் அதை முறைப்படி மடித்து வாங்கிக்கொண்டார். அதே கம்பத்தில் ஒரு வளைவுக் குழாயைப் பொருத்தி விளக்கை மாட்டினார்கள். இனிக் கொடி சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும், விளக்கு எல்லா நாளும். அடியில் பெரிய எழுத்தில் அண்ணாச்சியின் பெயர்ப் பலகை. தன் பெயருக்கு மேல் எரியும் விளக்கை எந்த அரசியல்வாதியும் அணையவிட மாட்டார் என்பது அத்தையின் கணக்கு. ஒரு முறை பல்பு போனபோது அண்ணாச்சி தானே நேரில் வந்து நின்று மாற்றவைத்தார்.

வளர்ந்த பிறகு ஒரு நாள் கொடிச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். அந்தக் காலத்து விதிப்படி, விளக்கு போட்டாலும் எங்கள் கொடி ராத்திரியில் அங்கே இருந்திருக்கக் கூடாது. என் தீர்ப்பு தவறு. ஆனால் பல வருடங்களுக்குப் பிறகு அரசாங்கமே, உயரமான கம்பத்தில் பெரிய கொடி என்றால், போதிய வெளிச்சம் இருந்தால், இரவிலும் பறக்கலாம் என்று அனுமதித்தது. சட்டம் தாமதமாகத்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. நான் அதைக் கண்டிக்கவில்லை.

அப்பா வாக்குத் தவறாதவர். அன்று மாலை எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது, அவர் தனியாக அந்தப் பாதையில் கடைசிவரை நடந்து போனார். பச்சைக் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடந்துவந்தார். வரும்போது ஒவ்வொரு பலகையையும் காலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மாவிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "டிக்கெட் எடுக்கலை." அம்மா அதைக் கேட்டு அக்காவிடம் சொல்லப் போனாள். அக்கா அதற்குள் தகரப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டிருந்தாள். பிறகு அவள் நினைத்த கல்லூரியில் சேர்ந்து, நினைத்த பஸ்ஸிலேயே போய் வந்தாள். ஜன்னலோரப் படுக்கை எனக்குக் கிடைக்கவே இல்லை.

அந்தச் சுதந்திர தின இரவு எங்கள் வீட்டில் எல்லாருமாக உட்கார்ந்து சாப்பிட்டோம், அத்தையும் மாமாவும்கூட. நான் எப்படிக் கொடியையும் அண்ணாச்சியையும் நாட்டையும் ஒரே வாக்கியத்தில் காப்பாற்றினேன் என்பதை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா கேட்பதாகத் தெரியவில்லை. சாப்பிட்டு முடித்து, பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தாள். இன்னொரு தம்ளர் மொண்டாள். மூன்றாவதையும் மொண்டு, அவசரமே இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அம்மா தம்ளரை வாங்கக் கையை நீட்டி, பாதியில் மடக்கிக்கொண்டு, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மெதுவாக் குடிட்டி, பானை எங்கயும் போயிராது" என்று அத்தை சிரித்தாள். பிறகு தனக்கும் ஒரு தம்ளர் கேட்டாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எங்கள் சந்துப் பெண்கள் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை என்பது எனக்குத் தெரிய எத்தனையோ வருடங்கள் ஆயின. அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம், அம்மா குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டாள் என்பதுதான்.